பழுது பார்த்தலும் பட்டி பார்த்தலும்

சுவரைப் பொறுத்தவரை தமிழில் இரண்டு 'பார்த்தல்'கள் வழங்குகின்றன. ஒன்று பழுது பார்த்தல். மற்றது பட்டி பார்த்தல். வைத்தியம் பார், பிரசவம் பார், கணக்குப் பார் என்னும் தொடர்களில் வருவது போலவே இவ்விரண்டிலும் 'பார்' என்னும் வினை கண்ணால் காண்பதையும் கவனித்துச் செய்வதையும் ஒருசேரக் குறிக்கிறது. வேறுபாடு செயப்படுபொருளில் இருக்கிறது. முதல் தொடரில் பார்க்கப்படுவது பழுது. இரண்டாவதில் பார்க்கப்படுவது அப்பழுதை மூடுகிற வெள்ளைப் பசை. இந்தியாவின் பழைய கல்லூரிகளிலும் விடுதிகளிலும் நூலகங்களிலும் அரசு அலுவலகங்களிலும் காரை பெயர்ந்த உட்சுவர்களுக்கு இன்று நடப்பது பெரும்பாலும் இரண்டாவது. செலவுக் கணக்கில் மட்டும் அது முதலாவதன் பெயரால் பதிவாகிறது.

உள்ளங்கையளவு காரைப் பெயர்வு குறித்து இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதன் சிறுமைதான் சிக்கலின் வேர். கூரை இடிந்தால் குழு அமைக்கப்படுகிறது, பொறியாளர் வருகிறார், அறிக்கை எழுதப்படுகிறது. உள்ளங்கையளவு பெயர்வுக்கு எவரும் வருவதில்லை. தரமதிப்பீட்டுக் குழுவின் வருகைக்கு முந்தைய வாரம் ஒப்பந்தக்காரர் அனுப்பும் இரண்டு பேர் அதை அடைத்து, மறுநாளே வண்ணமும் பூசிவிட்டுப் போகிறார்கள். ஒரு கட்டடத்தின் ஆயுளை இத்தகைய நூற்றுக்கணக்கான சிறு முடிவுகளே தீர்மானிக்கின்றன. எவராலும் எடுக்கப்படாத முடிவுகள் அவை என்பதால் அவற்றுக்குப் பொறுப்பாளியும் எவரும் இல்லை.

முதலில் சுவரின் இயல்பைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். செங்கற்சுவர் என்பது நீரும் காற்றும் ஓயாமல் வந்துபோகும் நுண்துளைகளின் தொகுதி. சிமெண்டு இந்தியாவில் மிகப் பிந்தி வந்த பொருள். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824இல். இந்தியாவில் அதன் உற்பத்தி 1904இல் சென்னையில் தொடங்கப்பட்டு நிலைக்காமல் போனது. 1914இல் போர்பந்தரில்தான் தொழில் வேரூன்றியது. அதன் பிறகும் நெடுங்காலம் சுண்ணாம்பே பரவலாக வழங்கியது. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அதற்கு முன்போ எழுந்த ஒரு கல்லூரிக் கட்டடத்தின் சுவர் சுண்ணாம்புக் கலவையால் ஆனதாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. பூச்சு உதிர்வதை இன்றும் 'காரை பெயர்ந்துவிட்டது' என்றே தமிழர் சொல்கின்றனர். பூசப்பட்டது சிமெண்டாக இருந்தாலும் மொழி அதைச் சுண்ணாம்பின் பெயராலேயே அழைக்கிறது. சொல் நினைவில் வைத்திருப்பதை ஒப்பந்தப் புள்ளி மறந்துவிட்டது.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. அதை நீரில் நீற்றி, மணல் சேர்த்துப் பூசியபின், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி அது மீண்டும் கல்லாகிறது. இவ்வாறு இறுகும் பூச்சு ஒப்பளவில் மென்மையானது, நுண்துளைகள் மிக்கது. அடித்தளத்திலிருந்தோ மழையிலிருந்தோ சுவருக்குள் ஏறிய ஈரம் பூச்சின் பரப்பெங்கும் ஊடுருவி ஆவியாகிப் போய்விடும். சுவர் சற்றே அசைந்தால் பூச்சும் உடன் அசையும். பழைய கட்டடங்களில் ஓதம் காக்கும் தடுப்பு அடுக்கு பெரும்பாலும் இல்லாத நிலையில், ஈரத்தை வெளியேற்றும் பணியைப் பூச்சே செய்துவந்தது.

இத்தகைய சுவரில் ஓரிடம் பெயர்கிறது. அங்கே சிமெண்டுக் கலவை அடைக்கப்படுகிறது. அதன்பின் மூன்று நிகழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. முதலாவதாக, ஒட்டு உலர்ந்து சுருங்குகையில், தன்னைவிட வலுக்குறைந்த பழைய பூச்சை விளிம்பில் இழுத்து மயிரிழை வெடிப்பை உண்டாக்குகிறது. இரண்டாவதாக, சிமெண்டு ஒட்டின் வழியே ஆவி எளிதில் வெளியேறாததால், சுவருக்குள் இருக்கும் ஈரம் ஒட்டைச் சுற்றியுள்ள பழைய காரையின் வழியே வெளியேற முனைகிறது. மூன்றாவதாக, அந்த ஈரத்தில் கரைந்து வரும் சல்பேட்டு, குளோரைடு, நைட்ரேட்டு உப்புகள் ஆவியாதல் நிகழும் அந்த வளையத்தில் படிகமாகின்றன. மேற்பரப்பில் படிந்தால் சுவரில் உப்புப் பூக்கிறது. பூச்சுக்குள் படிந்தால் படிகத்தின் அழுத்தத்தால் நுண்துளைகள் உடைந்து காரை மாவாக உதிர்கிறது. சிமெண்டு தன் பங்குக்குச் சில கரையும் உப்புகளையும் சுவருக்கு அளிக்கிறது. விளைவு, ஒட்டு கெட்டியாக நிற்கிறது. அதைச் சுற்றியிருந்த நல்ல காரை பெயர்கிறது. உள்ளங்கை முறமாகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் முறத்தளவு சிமெண்டு அடைக்கப்படுகிறது. அதன் எல்லையில் அடுத்த வளையம் தொடங்குகிறது.

இந்நிலையில் குற்றம் யார்மீது சாட்டப்படுகிறது? "கொத்தனார் சரியில்லை" என்பதே துறைத்தலைவர் முதல் விடுதிக் காப்பாளர் வரை எல்லோரும் சொல்லும் தீர்ப்பு. அந்தக் கொத்தனாரின் கையில் கொடுக்கப்பட்டது என்ன என்று கேட்பவர் இல்லை. அவர் எதைப் பூச வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு விலைப்பட்டியலின் ஒரு வரியில் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

மத்தியப் பொதுப்பணித் துறையின் தில்லி விலைப்பட்டியல் நாடெங்கும் மத்திய நிறுவனங்கள் மதிப்பீடு தயாரிக்கப் பயன்படுத்தும் ஆவணம். பூச்சைத் திட்டுத்திட்டாகச் செப்பனிடுவதற்கு அதில் தனி இனமே உண்டு. 2.5 சதுர மீட்டரும் அதற்குக் குறைந்தும் உள்ள திட்டுகள், 12 முதல் 20 மில்லிமீட்டர் கனம் என்று அது வரையறுக்கிறது. திட்டை ஒழுங்கான வடிவில் வெட்டுவது, செங்கல் இணைப்புகளைச் சுரண்டுவது, பரப்பைத் தயார் செய்வது, பூசுவது, இடிபாட்டை அப்புறப்படுத்துவது வரை வேலையின் படிநிலைகள் அதில் அடங்கியுள்ளன. வேலைத்திறன் என்ற அளவில் குறைசொல்ல முடியாத பட்டியல் அது. ஆனால் கலவை என்ற இடத்தில் சிமெண்டும் மணலும் அமர்ந்துவிடுகின்றன. இந்தச் சுவர் எதனால் ஆனது என்ற கேள்விக்கு அந்த வரியில் இடமில்லை. காரை ஏன் பெயர்ந்தது என்ற கேள்விக்கும் இடமில்லை. இடிபாட்டை அகற்றுவதற்கு விலை உண்டு. காரணத்தைக் கண்டறிவதற்கு விலை இல்லை. விலை இல்லாத வேலையை எந்த ஒப்பந்தக்காரரும் செய்வதில்லை, எந்தத் தணிக்கையாளரும் கேட்பதில்லை.

தரநிர்ணயம் இல்லாததால் இப்படி நடக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. கட்டுமானச் சுண்ணாம்பை வகைப்படுத்தும் இந்தியத் தரம் 712 உண்டு. சுண்ணாம்புப் பூச்சு வேலைக்கான செயல்முறையை வகுக்கும் இந்தியத் தரம் 2394 உண்டு. அவை அலமாரியில் இருக்கின்றன. சுவர் வேறோர் அறையில் இருக்கிறது.

பழுது பார்த்தல் எவ்வாறிருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழில் 'பார்' துணைவினையாக வருகையில் சோதித்தறிதலைக் குறிக்கும். தட்டிப் பார், தொட்டுப் பார், சுரண்டிப் பார், நனைத்துப் பார். தேர்ந்த கொத்தனாரின் முதல் அரைமணி நேரம் இந்த நான்கு துணைவினைகளால் ஆனது. பெயர்ந்த இடத்தைச் சுற்றி விரல் முட்டியால் தட்டினால் எங்கே காரை சுவரைவிட்டு விலகிப் பொள்ளலாக நிற்கிறது என்பதை ஒலி சொல்லும். தொட்டால் ஈரம் தெரியும். ஆணியால் சுரண்டினால் எளிதில் பொடியாகும் காரையும் கீறலுக்குப் பணியாத சிமெண்டும் பிரிந்து புலப்படும். சிறிது நீர் தெளித்தால் உடனே உறிஞ்சும் பரப்பும் வழியவிடும் பரப்பும் வேறுபடும்.

அடுத்து இடம். பெயர்வு தரையை ஒட்டிப் பட்டையாக இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. சன்னலுக்குக் கீழே இருந்தால் விளிம்பில் மழைநீர் தேங்குகிறது. கூரையோரம் இருந்தால் தளத்திலோ மழைநீர்க் குழாயிலோ கசிவு உண்டு. குளியலறையின் மறுபக்கத்தில் இருந்தால் சுவருக்குள் செல்லும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றை முதலில் சரிசெய்து, சுவர் உலர நேரம் தர வேண்டும். கனத்த சுவர் உலர வாரங்கள் ஆகும்; சில வேளை மாதங்களும் ஆகும்.

அதன் பிறகே கருவிகள் வெளியே வர வேண்டும். பொள்ளலான காரையை மட்டும், கனத்த சுத்தியலால் அதிர வைக்காமல், உளியால் உறுதியான விளிம்பு வரை வெட்டியெடுப்பர். விளிம்பை நேராகவும் உட்புறம் சற்றே குடைந்தும் அமைத்தால் புதுக்காரை அதில் பிடித்துக்கொள்ளும். செங்கல் இணைப்புகளை 10 முதல் 12 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டுவர். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்து அகற்றுவர். நீரூற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள் புகும். பூசுமுன் பரப்பை அளவாக நனைப்பர். இல்லையேல் உலர்ந்த செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். ஒரே மூச்சில் அடைக்காமல், மெல்லிய அடுக்குகளாக, முன்னதன்மேல் கீறலிட்டு, அது சற்று இறுகிய பின் அடுத்ததைப் பூசுவர். கடைசி அடுக்கு பழைய பரப்போடு சமமாக நிற்குமாறு மட்டக்கோல் வைத்து இழுத்துத் தேய்ப்பர். ஈரச்சாக்கு போர்த்திச் சில நாட்கள் மெல்ல உலரவிடுவர். மேலே சுண்ணாம்பு வெள்ளை அடித்தால் சுவரின் மூச்சு தடைப்படாது. பிளாஸ்டிக் வண்ணம் பூசினால் இவ்வளவு உழைப்பும் ஒரு மெல்லிய உறைக்குள் அடைபடும்.

இதனோடு பட்டி பார்த்தலை ஒப்பிடலாம். வெள்ளைச் சிமெண்டுப் பட்டி, உறுதியாக நிற்கும் பூச்சின் சொரசொரப்பை நீக்கும் பொருள். ஓரிரு மில்லிமீட்டர் கனமே அதற்கு உரியது என்று உற்பத்தியாளர்களின் குறிப்புகளே சொல்கின்றன. அதைக் கொண்டு இருபது மில்லிமீட்டர்ப் பள்ளத்தை அடைப்பது, கிழிந்த ஏட்டை ஒப்பனைத் தூளால் ஒட்டுவதற்கு ஒப்பாகும்.

இதற்கு எதிராக வழக்கமாக வைக்கப்படும் வாதங்கள் மூன்று. சிமெண்டு வலிமையானது என்பது முதல் வாதம். வலிமை என்பது தனித்த பண்பாகக் கருதப்படுவதால் எழும் பிழை இது. ஒட்டின் வலிமை, அது ஒட்டப்படும் பரப்பின் வலிமையோடு ஒப்பிட்டே பொருள் பெறும். பழைய நூற்சேலையின் கிழிசலைக் கோணிச்சாக்கால் தைத்தால் சாக்கு கிழியாது. சேலைதான் தையலோரம் கிழியும். பூச்சுவேலையின் மூத்த நெறி, மேலடுக்கு அடியடுக்கைவிட வலுமிக்கதாக இருக்கலாகாது என்பது.

செலவும் காலமும் கூடும் என்பது இரண்டாம் வாதம். ஒரு திட்டுக்கு ஒருமுறை ஆகும் செலவைக் கணக்கிட்டால் அது உண்மை. அதே திட்டு வளர்ந்து வளர்ந்து திரும்பத் திரும்ப அடைக்கப்படும் செலவை எந்தப் பதிவேடும் ஒரே பக்கத்தில் கூட்டுவதில்லை. ஆண்டுதோறும் புதிய ஒப்பந்தம், புதிய மதிப்பீடு, புதிய கோப்பு. மறதியே இந்தச் சிக்கனத்தின் அடித்தளம்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இல்லை என்பது மூன்றாம் வாதம். இது பாதி உண்மை. எஞ்சிய பாதி அந்த உண்மை எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதில் உள்ளது. கேட்கப்படாத திறன் கற்பிக்கப்படுவதில்லை. கேட்கப்பட்ட இடத்தில் அது திரும்பி வந்ததற்குச் சான்று தில்லியிலேயே இருக்கிறது. ஹுமாயூன் கல்லறையில் இந்தியத் தொல்லியல் துறையுடன் இணைந்து ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை மேற்கொண்டு 2013இல் நிறைவடைந்த பணியில், இருபதாம் நூற்றாண்டில் செப்பனிடுதல் என்ற பெயரில் கூரைமீது கொட்டப்பட்டிருந்த பல லட்சம் கிலோ சிமெண்டுக் கான்கிரீட்டு அகற்றப்பட்டது. சுண்ணாம்புப் பூச்சு மரபுவழிக் கைவினைஞர்களால் மீட்கப்பட்டது. முந்தைய தலைமுறை செய்த சீரமைப்பை அகற்றுவதே அடுத்த தலைமுறையின் சீரமைப்புப் பணியாக மாறியது. கைவினைஞர்கள் இல்லாமற்போயிருந்தால் அது நடந்திராது. நினைவுச்சின்னத்துக்குக் கிடைக்கும் அந்தக் கொத்தனார் விடுதிச் சுவருக்குக் கிடைக்கமாட்டார் என்பது திறனின் பற்றாக்குறையைச் சொல்லவில்லை. யாருடைய சுவர் மதிக்கப்படுகிறது என்பதைச் சொல்கிறது.

எதிர்முகாமையும் விட்டுவைக்க இயலாது. கடுக்காயும் வெல்லமும் முட்டை வெண்கருவும் சேர்ந்த காரை எல்லாச் சுவருக்கும் அருமருந்து என்று பரப்பும் ஒரு கூட்டம் சமூக ஊடகங்களில் வளர்ந்திருக்கிறது. செட்டிநாட்டுப் பூச்சின் கண்ணாடி வழவழப்பும் இராஜஸ்தானத்து ஆராயிஷ் பூச்சின் பளபளப்பும் போற்றத்தக்கவை, ஐயமில்லை. ஆனால் 1990களில் சிமெண்டால் கட்டிச் சிமெண்டால் பூசிய சுவரில் ஒரு திட்டு பெயர்ந்தால் அங்கே வேண்டியது, அதே வலுவிலோ சற்றுக் குறைந்த வலுவிலோ அமைந்த சிமெண்டுக் கலவையும், ஒரு வாரம் தவறாமல் தண்ணீர் விட்டு ஆற்றுதலும்தான். ஜிப்சம் பூசிய உலர்ந்த அறைக்கு ஜிப்சம் பொருந்தும்; குளியலறைச் சுவருக்குப் பொருந்தாது, ஈரத்தில் அது இளகிவிடும். எந்தச் சுவருக்கும் சிமெண்டு என்பதும் எந்தச் சுவருக்கும் கடுக்காய் என்பதும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள். இரண்டும் சுவரைப் பார்க்க மறுக்கின்றன.

நல்லெண்ணமும் புகழ்பெற்ற வல்லமையும்கூடப் பார்த்தலுக்கு ஈடாகா என்பதற்கு அஜந்தா சான்று. 1920களின் தொடக்கத்தில் ஐதராபாத்து நிஜாமின் அரசு இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்னும் இரு வல்லுநர்களை அழைத்துவந்தது. உதிர்ந்துகொண்டிருந்த காரையையும் ஓவியத்தையும் அவர்கள் உறுதிப்படுத்தினர். அவ்வகையில் அது பெரும்பணி. ஆனால் மேலே பூசப்பட்ட அரக்கு வார்னிஷ் காலப்போக்கில் பழுத்து ஓவியங்களை மறைத்தது. அதை நுண்ணளவாகக் கரைத்தெடுக்கும் வேலை பல பத்தாண்டுகளாகத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள்மேல் விழுந்தது. எளிதில் நீக்க முடியாத ஒன்றைச் சுவரில் ஏற்றும்முன் தயங்க வேண்டும் என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

தமிழ்ப் புலமையாளர்களுக்கு இந்தத் தயக்கம் புதிதன்று. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஏடு சிதைந்து அடிகள் அழிந்த இடங்களைத் தம் சொற்களால் நிரப்பிச் செய்யுளை முழுமையாக்கிக் காட்டவில்லை. சிதைவைச் சிதைவாகவே காட்டினார். பாட்டு எந்த யாப்பில் அமைந்தது, எந்தச் சொல் எந்த ஏட்டில் உண்டு என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பதிப்பாசிரியரின் கை நகரும். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், இழந்த பகுதிக்கு ஈடாக வைப்பது முழுமையோடு இசைய வேண்டும், ஆயினும் மூலத்திலிருந்து பிரித்தறியப்பட வேண்டும் என்று கட்டடங்களுக்கு வகுத்த நெறியும் இதற்கு நெருங்கிய உறவுடையது. சுவரில் பள்ளத்தை அடைக்காமல் விட முடியாது. ஆனால் மூலம் எதனால் ஆனது என்று அறியாமல் அடைப்பவர், யாப்பறியாமல் பாட்டை முடித்துவைப்பவருக்கு இணையானவர். பாடபேதத்தில் ஓர் எழுத்துக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடும் அறிவுலகம், தன் தலைக்குமேல் நடக்கும் இந்த இடைச்செருகலை அண்ணாந்து பார்ப்பதில்லை.

உள்நாட்டு அறிவு மரபுகள் குறித்த கருத்தரங்குகள் நாடெங்கும் நடக்கின்றன. கட்டுரைகள் வாசிக்கப்படுகின்றன, சால்வைகள் போர்த்தப்படுகின்றன. அரங்கின் பின்சுவரில் உப்புப் பூத்திருக்கிறது. அந்த மரபறிவைக் கையில் வைத்திருக்கும் கொத்தனாரும் அவரோடு கலவை சுமக்கும் சித்தாளும் அழைப்பிதழில் இல்லை. கருத்தரங்குக்கு முந்தைய நாள் அவர்கள் அதே அரங்கில் இருந்தார்கள். பட்டி பார்க்கச் சொல்லி அனுப்பப்பட்டிருந்தார்கள். கட்டுமானப் பொறியியல் பாடத்திட்டங்களில் கான்கிரீட்டுக்குக் கிடைக்கும் இடத்தில் ஒரு சிறு பங்குகூடச் சுண்ணாம்புக்குக் கிடைப்பதில்லை. அறிவு எங்கே இருக்கிறது என்பதைக் கையின் அழுக்கைக் கொண்டு அளக்கும் பழைய பழக்கம், முற்போக்குச் சொல்லாடலின் அடியில் உப்பைப் போலவே தங்கியிருக்கிறது.

அந்தக் கைகளுக்கு நேர்வதும் இந்த விவாதத்தின் பகுதி. ஈரச் சிமெண்டில் உள்ள குரோமியம் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். நீற்றிய சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் சுடும். உலர்ந்த பூச்சை வெட்டுகையிலும் தேய்க்கையிலும் எழும் நுண்தூசியில் சிலிக்கா உண்டு; அது நுரையீரலில் தங்கும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகாமல் கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பூசிய எனாமல் அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும். அவற்றை மூடிய அறையில் உப்புத்தாளால் உலரத் தேய்ப்பது, தேய்ப்பவருக்கும் அன்றிரவு அங்கே உறங்கும் மாணவருக்கும் தீங்கு. கையுறையும் முகக்கவசமும் கண்ணாடியும் மதிப்பீட்டில் தனி வரியாக வராத வரை அவை வேலையிடத்துக்கும் வரப்போவதில்லை.

கோரப்படுவது பெரிதன்று. 1950க்கு முன் எழுந்த ஒவ்வொரு கல்விக் கட்டடத்துக்கும் அதன் சுவரும் பூச்சும் எதனால் ஆனவை என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதப்படட்டும். திட்டுச் செப்பனிடும் எந்த மதிப்பீடும் பெயர்வின் காரணத்தை முதல் வரியில் குறிப்பிடட்டும். அதைக் கண்டறியும் நேரத்துக்குக் கொத்தனாருக்குக் கூலி தரப்படட்டும். ஒரே இடம் மூன்றாம் முறை அடைக்கப்படும்போது முன்னிரண்டு கோப்புகளும் உடன் வைக்கப்படட்டும். பூச்சு உலர்ந்த பிறகே வண்ணம் என்பது விதியாகட்டும், எந்தக் குழுவின் வருகைத் தேதி எதுவாயினும். கட்டுமானப் பொறியியல் துறையும் கட்டடக்கலைத் துறையும் தத்தம் வளாகத்துச் சுவர் ஒன்றையே ஆய்வுக்கூடமாக்கி, சுண்ணாம்பு வேலை அறிந்த ஒருவரை ஆசிரியருக்குரிய மதிப்பூதியத்தோடு அழைக்கட்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டமோ புதிய தொழில்நுட்பமோ தேவையில்லை. சுவரைத் தட்டிப் பார்க்கும் ஒரு கையும், அந்தக் கை சொல்வதைக் குறித்துக்கொள்ளும் இன்னொரு கையும் போதும். இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இரண்டாம் வகைக் கைகளுக்குப் பஞ்சமில்லை. அவை முதல் வகைக் கையைக் கண்டு எழுந்து நிற்கும் நாள்வரை பட்டிதான் பார்க்கப்படும். பழுது அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும்.